டெபியன் மடிக்கணினியில் நான்கு இடங்களின் வைஃபை அமைப்புகளைக் குழப்பமின்றி வைத்துக்கொள்வது எப்படி?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று) நிறுவிய என் மடிக்கணினி நான்கு இடங்களில் வைஃபையுடன் இணைய வேண்டியிருக்கிறது. பெங்களூரு அல்சூரில் நான் குடியிருக்கும் வாடகை வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள அலுவலகம், சனிக்கிழமை காலைகளில் தமிழ்ச் சங்க நூலகத்தில் அமரும்போது என் கைபேசியின் ஹாட்ஸ்பாட், மாதம் இருமுறை ஊருக்குச் செல்கையில் தர்மபுரியில் பெற்றோர் வீடு. தேவைகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. அல்சூர் வீட்டிலுள்ள அச்சுப்பொறி, ஸ்கேன் செய்த தாள்களை மடிக்கணினியின் 192.168.1.50 என்ற முகவரிக்கு நேரே அனுப்புவதால் அந்த ஐபி முகவரி மாறக்கூடாது. அலுவலகத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் எண்டர்பிரைஸ் வகை வைஃபை உள்ளது. வெளித்தளங்களுக்குச் செல்ல ப்ராக்ஸி, அதாவது இடைநிலை செர்வர், வேண்டும். உள் தளங்களின் பெயர்களை அலுவலக டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) மட்டுமே அறியும். மற்ற இரண்டு இடங்களிலும் ரூட்டரின் டிஎச்சிபி தானாகக் கொடுக்கும் முகவரியை வாங்கிக்கொண்டால் போதும்.

இதுவரை, எட்சி நெட்வொர்க் அடைவிலுள்ள இன்டர்ஃபேசஸ் கோப்புக்கு (வலையமைப்பு அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) நான்கு நகல்கள் வைத்துக்கொண்டு, போகுமிடத்துக்கு ஏற்ற நகலை அதன் மேல் எழுதிவிட்டு வைஃபை அட்டையை அணைத்து எழுப்பும் இருபது வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் அலுவலகத்துக்குப் போய் அமர்ந்ததும் அதை ஓட்ட மறப்பதும், 'ஏன் எதுவும் திறக்கவில்லை' என்று கால் மணி நேரம் விழிப்பதும் வாடிக்கையாகிவிட்டன. ஆகவே சென்ற மாதம், சுற்றிலும் தெரியும் வைஃபை பெயர்களைப் பார்த்துத் தானாகவே நகலைத் தேர்ந்தெடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். அதன் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. தர்மபுரியில் சிக்னல் முழுதாக இருக்கிறது, ஐபி முகவரியும் தெரிகிறது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. அலுவலகத்தில் சரியான நகல் அமர்ந்த பிறகும் உள் தளங்களின் பெயர்கள் கிடைப்பதில்லை. இது போதாதென்று, மேசைத்திரையின் மூலையிலுள்ள வலையமைப்பு ஐகானைச் சொடுக்கினால் வைஃபை பட்டியலே வருவதில்லை.

இந்த ஸ்கிரிப்டையே செப்பனிடுவதா, அல்லது இதற்கென்று இருக்கும் கருவிகளுக்கு மாறிவிடுவதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

முனையத்தான் எழுதியது:

நண்பரே, ஸ்கிரிப்டைக் கைவிடுங்கள் என்பதே என் கருத்து. அதில் பிழை இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இன்டர்ஃபேசஸ் கோப்பு, 'இந்த அட்டைக்கு இந்த முகவரி' என்று அட்டையின் பேரில் எழுதப்படுவது. கம்பி வழி இணைப்பில், ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கணினிக்கு அது பொருத்தமானது. உங்கள் கணினியிலோ அட்டை ஒன்றுதான். மாறுவது அது சேரும் வலையமைப்பு. எனவே முகவரி, டிஎன்எஸ், முன்னுரிமை ஆகிய எல்லாம் வலையமைப்பின் பேரில் எழுதப்பட வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல் செய்வது அதைத்தான். ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு ப்ரொஃபைல், ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் ஒரு கோப்பு. எந்த வலையமைப்பில் சேர்கிறதோ அதற்குரிய அமைப்புகள் மட்டும் அமலுக்கு வரும். விலகியதும் அவையும் விலகிவிடும்.

மூலையில் பட்டியல் வராததற்குக் காரணமும் உங்கள் நகல்களே. டெபியனில், இன்டர்ஃபேசஸ் கோப்பில் ஓர் அட்டையின் பெயர் இருந்தால் 'இதை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார்' என்று நெட்வொர்க் மேனேஜர் ஒதுங்கிக்கொள்ளும். முனையத்தில் என்எம்சிஎல்ஐ டிவைஸ் என்று இட்டுப் பாருங்கள். வைஃபை அட்டைக்கு நேரே 'அன்மேனேஜ்டு' என்று இருக்கும். (இங்கு ஆணைகளை ஒலிப்படி எழுதுகிறேன், தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்தில் இட்டுக்கொள்ளவும்.) இன்டர்ஃபேசஸ் கோப்பில் லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேசும் உள்வழி) வரிகளை மட்டும் விட்டுவிட்டு, வைஃபை அட்டை தொடர்பான வரிகள் அனைத்தையும் நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால் பட்டியல் வந்துவிடும்.

அதன் பின் நான்கு இடங்களுக்கும் ப்ரொஃபைல் உருவாக்குங்கள். ப்ரொஃபைலின் பெயர் வைஃபையின் பெயராகவே இருக்க வேண்டியதில்லை. 'அல்சூர்', 'ஆபீஸ்' என்று தமிழிலேயே வைக்கலாம். எது முதலில் சேர வேண்டும் என்பதை ஆட்டோகனெக்ட் ப்ரையாரிட்டி என்ற எண் தீர்மானிக்கிறது. இயல்பான மதிப்பு 0. எண் பெரிதானால் முன்னுரிமையும் பெரிது. இரண்டு ப்ரொஃபைல்களுக்கு ஒரே எண் இருந்தால், கடைசியாக வெற்றிகரமாக இணைந்தது எதுவோ அது முந்திக்கொள்ளும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் 20 என்றும் ஹாட்ஸ்பாட்டுக்கு மைனஸ் 10 என்றும் வைத்தால் கைபேசி கடைசிப் புகலிடமாக மட்டும் இருக்கும். ஹாட்ஸ்பாட் ப்ரொஃபைலில் மீட்டர்டு (டேட்டாவுக்கு அளவுண்டு) என்பதை ஆம் என்று குறித்துவிடுங்கள். அதை மதிக்கும் நிரல்கள், நூலகத்தில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கையில் பின்னணியில் பெரும் பதிவிறக்கங்களைத் தொடங்காமல் இருக்கும்.

ப்ராக்ஸிக்கு மட்டும் சிறு வேலை மிச்சமிருக்கிறது. எட்சி அடைவில் நெட்வொர்க் மேனேஜருக்குரிய டிஸ்பேட்சர் அடைவில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்தால், ஒவ்வொரு முறை இணைப்பு எழும்போதும் விழும்போதும் அது தானாக ஓடும். அட்டையின் பெயரும் 'அப்' அல்லது 'டவுன்' என்ற சொல்லும் அதற்கு வந்து சேரும். ப்ரொஃபைலின் பெயர் கனெக்‌ஷன் ஐடி என்ற மாறியில் கிடைக்கும். 'ஆபீஸ்' எழும்போது ஏபிடி என்ற மென்பொருள் நிறுவும் கருவிக்கான ப்ராக்ஸிக் கோப்பை இடத்தில் வைப்பதும், விழும்போது எடுப்பதுமாக ஆறேழு வரிகள் போதும். அந்த ஸ்கிரிப்டுக்கு ரூட் (நிர்வாகிப் பயனர்) உரிமையாளராக இருக்க வேண்டும், வேறு யாரும் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஓடாது. உங்கள் இருபது வரி ஸ்கிரிப்டின் ஆவி வாழ விரும்பினால் இங்கே வாழட்டும்.

பழங்கணினி எழுதியது:

முனையத்தான் சொன்ன வழி சரியானது. ஆனால் இன்டர்ஃபேசஸ் கோப்பால் இடம் மாறும் கணினியைச் சமாளிக்க முடியாது என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். டெபியனில், வைஃபையில் சேரும் வேலையைச் செய்யும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் தொகுப்பில் டபிள்யூபிஏ ரோம் என்றொரு முறை நெடுங்காலமாக இருக்கிறது. சப்ளிகன்ட் கோப்பில் எல்லா வலையமைப்புகளையும் அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐடி எஸ்டிஆர் என்ற வரியில் ஓர் அடையாளச் சொல் கொடுக்க வேண்டும். இன்டர்ஃபேசஸ் கோப்பில் அதே சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பகுதிகளை எழுதி, ஒன்றுக்கு நிலையான முகவரி, மற்றொன்றுக்கு டிஎச்சிபி என்று அமைக்கலாம். சப்ளிகன்ட் எதில் சேர்கிறதோ அதன் சொல்லுக்குரிய பகுதி எழும். நகலும் வேண்டாம், மேலெழுதலும் வேண்டாம். மேசைச்சூழல் இல்லாத பழைய மடிக்கணினியில் நான் இன்றும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் தொல்லைக்கு வருகிறேன். இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, அல்சூர் வீட்டு வைஃபைக்கும் தர்மபுரி வீட்டு வைஃபைக்கும் என்ன பெயர்கள்? பெயர்களைச் சொல்ல வேண்டாம். அவை இரண்டும் வேறுதானா என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது, எட்சி அடைவிலுள்ள, டிஎன்எஸ் செர்வரின் முகவரி இருக்கும் ரிசால்வ் கான்ஃப் கோப்பின் மேல் எல்எஸ்அட்டர் ஆணையை ஓட்டினால் கோடுகளுக்கு நடுவே ஐ என்ற எழுத்து தெரிகிறதா? டிஎன்எஸ் அமைப்பை ஏதோவொரு நிரல் அடிக்கடி மாற்றுகிறது என்று சலித்துக்கொண்டு, பழைய வலைப்பதிவு ஒன்றின் பேச்சைக் கேட்டு, அந்தக் கோப்பைப் பூட்டிவிட்டு மறந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலரில் நானும் ஒருவன்.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்டர்ஃபேசஸ் கோப்பைச் சுத்தம் செய்ததும் பட்டியல் வந்துவிட்டது. அதற்கு முன் 'அன்மேனேஜ்டு' என்றே இருந்தது.

பழங்கணினி ஐயா, இரண்டிலும் பிடித்துவிட்டீர்கள். எல்எஸ்அட்டர் ஓட்டியதும் கோடுகளுக்கு நடுவே ஐ நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே சாட்டர் ஆணையால் பூட்டியிருக்கிறேன், உள்ளே 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி கொண்ட ஒரே வரி. அலுவலகத்தின் உள் பெயர்களை அது எப்படி அறியும்! ரூட்டாக இருந்தும் கோப்பை மாற்ற முடியாதபோது வட்டு பழுதாகிவிட்டதோ என்றுகூட ஒருமுறை ஐயுற்றேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வீடுகளைப் பொறுத்தவரை, இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கைபேசியிலும் மனைவியின் டேப்லெட்டிலும் ஒருமுறை பதிந்தால் இரண்டு வீட்டிலும் தானாகச் சேரும் என்று நானே திட்டமிட்டு வைத்தது. கைபேசிகளில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

பழங்கணினி எழுதியது:

கைபேசிகளில் குறை இல்லாததற்குக் காரணம், அவை இரண்டு வீட்டிலும் டிஎச்சிபி கொடுப்பதை மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கின்றன. உங்கள் ஸ்கிரிப்டோ, தர்மபுரியில் அந்தப் பெயரைக் கண்டதும் 'அல்சூர் வந்துவிட்டது' என்று முடிவு செய்து 192.168.1.50 முகவரியையும் 192.168.1.1 என்ற கேட்வேயையும் (வெளியே செல்லும் வாசல்) போட்டிருக்கிறது. பெற்றோர் வீட்டு ரூட்டர் 192.168.0.1 என்ற முகவரியில் இருந்தால், இல்லாத வாசலை நோக்கி மடிக்கணினி கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கும். சிக்னல் முழுதாகத் தெரிந்ததும், முகவரி இருந்ததும், பக்கம் திறக்காததும் இதனால்தான். கையால் நகலைத் தேர்ந்தெடுத்த காலத்தில் ஊர் எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்கிரிப்டுக்குத் தெரிந்ததெல்லாம் பெயர் மட்டுமே.

நெட்வொர்க் மேனேஜருக்கு மாறினாலும் இந்தச் சிக்கல் தானாகத் தீராது, ஏனெனில் அதுவும் பெயரை வைத்தே ப்ரொஃபைலைத் தேடுகிறது. ப்ரொஃபைலில் பிஎஸ்எஸ்ஐடி, அதாவது ரூட்டரின் வைஃபை வன்முகவரியைக் குறித்து, இந்த ரூட்டருக்கு மட்டும் இந்த ப்ரொஃபைல் என்று கட்டிவைக்க முடியும். ஆனால் 2.4 கிகாஹெர்ட்சுக்கு ஒரு முகவரியும் 5 கிகாஹெர்ட்சுக்கு வேறொரு முகவரியும் இருக்கும்; ரூட்டரை மாற்றினால் எல்லாம் மாறும். அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டு காரியங்கள் செய்யுங்கள். அல்சூர் ரூட்டருக்கு வேறு பெயர் வையுங்கள். மடிக்கணினியில் நிலையான முகவரி எழுதுவதையும் விட்டுவிடுங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் உங்கள் அட்டையின் மேக் முகவரியையும் (அட்டைக்குரிய வன்முகவரி) 192.168.1.50 என்ற எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால், நீங்கள் டிஎச்சிபி-யில் கேட்டாலும் ரூட்டர் எப்போதும் அதே எண்ணைக் கொடுக்கும். எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்ற கணக்கு ரூட்டரிடம் இருப்பதே முறை. இங்கே ஒரு கண்ணி உண்டு: அல்சூர் ப்ரொஃபைலில் குளோன்டு மேக் அட்ரஸ் என்பது 'ரேண்டம்' என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் புது முகவரியோடு போய் நிற்பீர்கள், ரூட்டருக்கு உங்களை அடையாளம் தெரியாது. அந்த ஒரு ப்ரொஃபைலில் மட்டும் 'பெர்மனென்ட்' என்று வையுங்கள்.

சப்ளிகன்ட் கோப்பிலேயே தொடர்பவர்களுக்கு இன்னொரு சொல். டபிள்யூபிஏ பாஸ்ஃப்ரேஸ் கருவி தரும் 64 இலக்கச் சாவி, கடவுச்சொல்லை மட்டும் கொண்டு உருவாவதில்லை. வைஃபையின் பெயரையும் கலந்து 4096 சுற்றுகள் ஓட்டிப் பெறப்படுவது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினாலும் பழைய சாவி செல்லாது. புதிதாக உருவாக்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு வாசகி எழுதியது:

பெயரைப் பற்றிய பேச்சு வந்ததால் அலுவலக ப்ரொஃபைலைக் குறித்தும் சொல்லியாக வேண்டும். பெயர் என்பது வெறும் பெயர்தான்; யாரும் எந்தப் பெயரிலும் ஒரு வைஃபையை ஒலிபரப்பலாம். உங்கள் அலுவலகத்தில் பீப் என்ற அடையாளச் சோதனை முறையும் அதற்குள் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பும் இருக்கக்கூடும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெரும்பாலான அலுவலக வைஃபைகளில் அதுதான் நடைமுறை. அலுவலக செர்வரின் சான்றிதழைச் சரிபார்க்காமல் இணைந்தால், அதே பெயரில் நிற்கும் போலி ரூட்டரிடமும் மடிக்கணினி தன் அடையாளச் சோதனையைத் தொடங்கிவிடும். எம்எஸ்சாப் பரிமாற்றத்தை உடைப்பது ஒரேயொரு 56 பிட் டிஇஎஸ் (பழைய குறியாக்க முறை) சாவியைத் தேடுவதற்குச் சமம் என்பதை 2012-இல் டெஃப்கான் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் செய்துகாட்டினார்கள். அலுவலக மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல் என்றால் விளைவை எண்ணிப் பாருங்கள்.

நான் முன்பு பணியாற்றிய இடத்தில், நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியோடு, சிற்றுண்டிக் கூடத்தில் அலுவலக வைஃபையின் பெயரிலேயே ஒரு சோதனை ரூட்டரை வைத்துப் பார்த்தோம். முதலில் வந்து ஏமாந்தது என்னுடைய மடிக்கணினிதான்.

நெட்வொர்க் மேனேஜரில் இணைக்கும்போது 'சிஏ சான்றிதழ் தேவையில்லை' என்ற பெட்டி ஒன்று இருக்கும் (சிஏ என்பது சான்றிதழ் வழங்கும் அமைப்பு). அவசரத்தில் எல்லோரும் அதைச் சொடுக்கிவிடுகிறார்கள். அதைச் சொடுக்காமல், உங்கள் ஐடி பிரிவிடம் கேட்டுச் சிஏ சான்றிதழ்க் கோப்பை வாங்கிக் குறிப்பிடுங்கள். டொமைன் என்ற இடத்தில் அங்கீகார செர்வரின் டொமைன் பெயரையும் எழுதுங்கள். சான்றிதழ் பொதுச் சந்தையில் விற்கும் நிறுவனத்தினுடையது என்றால், டொமைனை எழுதாவிட்டால் பாதிப் பாதுகாப்புத்தான். அதே நிறுவனத்திடம் வேறு யாரும் தம் டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கலாம் அல்லவா?

ரயில் நிலையம், காபிக்கடை போன்ற இடங்களின் கடவுச்சொல் இல்லாத வைஃபைகளுக்கு ஆட்டோகனெக்ட் வேண்டவே வேண்டாம். பயன்படுத்தி முடித்ததும் அந்த ப்ரொஃபைலை அழித்துவிடுவது என் வழக்கம்.

மல்லேஸ்வரம் மீன்பிரியர் எழுதியது:

ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு பத்தி. 2018 அக்டோபரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து, ஹோஸ்ட்நேம் கோப்பில் ஜாயின் என்று தொடங்கும் வரிகளில் ஒவ்வொரு வைஃபையின் பெயரையும் சாவியையும் எழுதி வைத்தால், கண்ணில் படும் வலையமைப்பில் கணினி தானாகச் சேர்ந்துகொள்ளும். அந்த வரிகளில் பெயரும் சாவியும்தான் உண்டு. முகவரி அமைப்பு அட்டை முழுமைக்கும் பொதுவானது. ஆகவே பழங்கணினி சொன்ன ரூட்டர் ரிசர்வேஷன் முறை இங்கே இன்னும் பொருத்தம். எண்டர்பிரைஸ் வைஃபைக்கு டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டைத் தனித் தொகுப்பாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தர்மபுரிக்குப் போய்ப் பார்க்காமல் எழுத மனமில்லை. அங்கே மடிக்கணினியைத் திறந்ததும் இணைந்தது, பக்கங்களும் திறந்தன. அல்சூரில் ஸ்கேன் செய்த தாள்கள் வழக்கம்போல வந்து சேர்கின்றன. அலுவலகச் சான்றிதழை ஐடி பிரிவிலிருந்து பெற மூன்று மின்னஞ்சல்கள் தேவைப்பட்டன, பெற்றுவிட்டேன்.

பெயர் மாற்றியதில் ஒரு வேடிக்கை நடந்தது. அல்சூர் ரூட்டருக்குத் தமிழிலேயே 'அல்சூர்வீடு' என்று பெயர் வைக்க முயன்றேன். நீளம் மிகுதி என்று ரூட்டர் மறுத்துவிட்டது. பார்த்தால் ஆறே எழுத்துகள். பிறகுதான் கணக்குப் போட்டேன். வைஃபை பெயருக்கு உச்சவரம்பு 32 பைட். யூடிஎஃப் 8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். துணைக்கால்களும் புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். 'அல்சூர்வீடு' 11 குறிகள், 33 பைட். ஒரேயொரு பைட் கூடுதல்! 'அல்சூர்' என்று மட்டும் வைத்தேன். அச்சுப்பொறியின் சிறுதிரையில் அது கட்டம் கட்டமாகத் தெரிகிறது, ஆயினும் இணைந்துவிட்டது.

இந்த ப்ரொஃபைல்களைப் புது மடிக்கணினிக்கு அப்படியே நகலெடுத்துக்கொண்டு போகலாமா? மேலும், மின்சாரம் போய் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிய பின், மின்சாரம் திரும்பி ரூட்டர் உயிர்பெற்றாலும் மடிக்கணினி ஹாட்ஸ்பாட்டையே பற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு 20, கைபேசிக்கு மைனஸ் 10 என்றுதான் வைத்திருக்கிறேன்.

முனையத்தான் எழுதியது:

நகலெடுக்கலாம். எட்சி அடைவில் நெட்வொர்க் மேனேஜரின் சிஸ்டம் கனெக்‌ஷன்ஸ் அடைவில் எல்லாம் இருக்கின்றன. புதிய கணினியில் அவற்றுக்கு ரூட் உரிமையாளராகவும் அனுமதி 600 ஆகவும் இருக்க வேண்டும். இல்லையேல் அவை புறக்கணிக்கப்படும். பின்னர் என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ரீலோடு என்று இடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு ப்ரொஃபைல் எழ மறுத்தால், அதற்குள் இன்டர்ஃபேஸ் நேம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அட்டை டபிள்யூஎல்பி2எஸ்0 என்றும் புதியது டபிள்யூஎல்பி3எஸ்0 என்றும் இருந்தால் அந்த வரியே தடையாக நிற்கும், நீக்கிவிடலாம். கடவுச்சொற்கள் பெரும்பாலும் அந்தக் கோப்புகளில் அப்பட்டமாக இருக்கும் என்பதால் பென்டிரைவில் போட்டு மேசை மேல் விட்டுவிடாதீர்கள். புதிய அட்டையின் மேக் முகவரி வேறாக இருக்கும். ரூட்டரின் ரிசர்வேஷனிலும் அதை மாற்ற வேண்டும்.

ஹாட்ஸ்பாட் விஷயத்தில் நெட்வொர்க் மேனேஜர் தன் இயல்புப்படியே நடக்கிறது. முன்னுரிமை எண்ணை அது பார்ப்பது, எதிலும் சேராமல் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டுமே. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பை, அதைவிட மேலான ஒன்று தென்பட்டது என்பதற்காக அறுக்காது. வீடியோ அழைப்பின் நடுவில் அப்படி அறுத்தால் நாமே திட்டுவோம். மின்சாரம் வந்ததும் என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் அல்சூர் என்று ஒரு வரி இடுங்கள், அல்லது கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள்; அணைத்தவுடன் அதுவே வீட்டு வைஃபையைத் தேடிப் போகும். என் வீட்டில் ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை மாட்டிவிட்டேன்.